வேகாத கோச்சை

பாவாயி சட்டியின் மூடியைத் திறந்து, கரண்டியில் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தபோது பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. மஞ்சளும் மல்லியும் மிளகும் கரைந்து தளதளவென்று கொதித்த குழம்புக்குள்ளிருந்து கறுப்பன் சேவல் கூவியது. உயிரோடு இருந்தபோது எப்படிக் கூவுமோ அப்படியே, நீட்டி இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தியது. அவள் துண்டைத் திரும்பப் போட்டு மூடியை வைத்தாள். அடுப்பில் இன்னொரு சீமைக்கருவேலங்கட்டையைச் செருகிவிட்டு, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த புருசனிடம், "இன்னும் வேகலீங்க" என்றாள்.

ராக்கியப்பன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினான். கூவினது அவனுக்கும் கேட்டிருந்தது. ஊருக்கே கேட்டிருந்தது.

நொச்சிவலசில் சேவற்கட்டு என்றால் பொங்கல் முடிந்த கையோடு அமராவதிக் கரைத் தென்னந்தோப்பில் நடப்பது, காலில் கத்தி கட்டி விடுகிற கட்டு, எந்தச் சேவல் முதலில் மூக்கைத் தரையில் ஊன்றுகிறதோ அது தோற்றது. தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பேர். கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம். அதை அவன் வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும், தின்றால்தான் ஜெயிப்பு ஜெயிப்பாகும், வேகும்வரை அந்த அடுப்பை அணைக்கவும் கூடாது. மற்ற ஊர்களில் இதையெல்லாம் இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. நொச்சிவலசுக்காரர்கள் சோற்றில் உப்பில்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், கட்டு முறையில் இம்மி பிசகினால் தலைமுறைக்கும் பேசமாட்டார்கள்.

பேசாமலிருப்பதில் ராக்கியப்பனையும் பொங்கியண்ணனையும் மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. பொங்கியண்ணன் பாவாயியின் கூடப்பிறந்த அண்ணன். தென்னந்தோப்புக்கு மேற்கே இவர்கள் வீடு, கிழக்கே அவனுடைய தோட்டத்து வீடு. பாவாயியின் மகள் மோகனப்பிரியா வயசுக்கு வந்தபோது ஊரே பார்க்கச் சீர்த்தட்டுகளோடு வந்த பொங்கியண்ணன், கக்கத்தில் தன் கட்டுச்சேவலையும் இடுக்கிக்கொண்டு வந்தான்; வீட்டில் விட்டுவிட்டு வந்தால் களவு போய்விடும் என்று அவனுக்குப் பயம். "மச்சான், அதைக் கொண்டுபோயிப் பொறவாசல்ல நம்ம கோழிகளோட கூடையில கவுத்துப் போட்டு வாங்க" என்றான் ராக்கியப்பன். சொன்னவனுக்கு அது விளையாட்டு. கட்டுச்சேவலைக் கறிக்கோழியோடு சேர்த்துப் பேசியது பொறுக்காமல், கேட்டவன் தட்டுகளைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு வாசற்படி ஏறாமலே திரும்பிப் போனான்.

போனவன் போனவன்தான். ராக்கியப்பனும் கட்டுச்சேவல் வளர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. மச்சானும் மாப்பிள்ளையும் பேச வேண்டியதையெல்லாம் வருசாவருசம் தோப்பில் சேவல்கள் பேசிக்கொண்டன, பாவாயி இரண்டு பக்கமும் அழுது பார்த்து ஓய்ந்துபோனாள். இப்போது மோகனப்பிரியாவுக்கு மாசியில் கல்யாணம். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன்.

"ஒண்ணுவுட்ட மாமனுக இருக்கறாங்கல்ல, யாராச்சும் கட்டட்டும்" என்றான் ராக்கியப்பன்.

"என்ற அண்ணன் கை படாத பட்டம் என்ற புள்ள நெத்தியில ஏறாது" என்றாள் பாவாயி. "நீங்க போயி ஒரு வார்த்தை கூப்படுங்க."

"அவரு வரட்டும்."

கிழக்கே போய்க் கேட்டாள். "அவரு கூப்படட்டும்" என்றான் அண்ணன்.

கட்டு நடத்துகிற மயில்சாமிதான் கடைசியில் ஒரு வழி சொன்னார். சேவல்களே தீர்க்கட்டும். பொங்கியண்ணன் சேவல் ஜெயித்தால் ராக்கியப்பன் வெற்றிலைத் தட்டோடு மச்சான் வீட்டுக்கு நடந்துபோய் அழைக்க வேண்டும். ராக்கியப்பன் சேவல் ஜெயித்தால் பொங்கியண்ணன் அழைப்பில்லாமலே வந்து பட்டம் கட்ட வேண்டும். இரண்டு பேரும் வீம்பாக ஒப்புக்கொண்டார்கள். பாவாயிக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது, எந்தச் சேவல் ஜெயித்தாலும் அண்ணன் வந்தாக வேண்டுமே. யார் ஜெயிக்க வேண்டும் என்று அவள் வேண்டவில்லை. கட்டு முடிந்தால் போதும் என்றுதான் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

கட்டு நடந்தபோது வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்தாள். கிழக்கேயிருந்து கறுப்பன், இறகில் பொட்டு வெள்ளை இல்லாத கருஞ்சேவல், மேற்கேயிருந்து செவலை. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன, அப்புறம் எழும்பின, மோதின, விழுந்தன, மறுபடி எழும்பின, இறகும் மண்ணும் ஒரு சுழலாக எழுந்து தென்னை உயரத்துக்குப் போய், அதற்குள் என்ன நடக்கிறது என்பது அவரவர் கத்துகிற கத்தலில்தான் தெரிந்தது. மண் அடங்கியபோது செவலை ராக்கியப்பன் கையில் இருந்தது. கறுப்பன் தரையில் கிடந்தது. மயில்சாமி மேற்கே கை காட்டினார். மேற்கத்திக்காரர்கள் துண்டை வீசி ஆடினார்கள், ராக்கியப்பன் மட்டும் ஆடவில்லை. பொங்கியண்ணன் குனிந்து தன் சேவலின் கண்ணை மூடிவிட்டு, அதை மாப்பிள்ளையின் காலடியில் வைத்தான்.

"வேகட்டும், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது வேகவில்லை. அன்றைக்குப் பொழுது சாய அடுப்பேற்றியது, விடியக் கூவியது, அடுத்த நாளும் கூவியது, அதற்கடுத்த நாளும் கூவியது. கோச்சைக் கறி கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும் என்று முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறிக்கடைக்காரர் பப்பாளிக்காயைச் சீவிப் போடச் சொன்னார், போட்டாள், பப்பாளி கரைந்தது, கறி கரையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொட்டாங்குச்சி ஒரு துண்டு கொண்டுவந்து போட்டாள், அது பஞ்சாக வெந்தது. மோகனப்பிரியா புதுக் குடித்தனத்துக்கு வாங்கி வைத்திருந்த குக்கரில் மாற்றிப் பார்த்தார்கள். குக்கர் விசிலடிப்பதற்குப் பதிலாக, நீட்டி இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டிக் கூவியதும், பயந்துபோய்ச் சட்டிக்கே திரும்பினார்கள். ராக்கியப்பன் பொறுமையிழந்து ஒருநாள் வெந்தது வேகாதது பார்க்காமல் தொடைத்துண்டை எடுத்துக் கடித்தான். முன்பல் ஒன்று கறியிலேயே நின்றுவிட்டது, துண்டு கைதவறிப் பல்லோடு சட்டிக்குள் விழுந்தது, அதன் பிறகு அவன் பேசும்போதெல்லாம் நடுவில் காற்று ஊதியது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. விடிகாலையில் மில் பஸ் பிடிக்கிற பெண்கள் போனில் அலாரம் வைப்பதை விட்டார்கள், பால் சொசைட்டியில் சட்டி கூவின பிறகுதான் கேன் திறப்பது என்று ஆனது, மற்ற சேவல்கள் மரியாதைக்காகவோ பயத்தாலோ அது கூவி முடித்த பிறகே கூவின. அணையாத அடுப்புக்கு விறகு யார் தருவது என்று கேள்வி வந்தபோது, தோட்டம் போய்த் திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு கட்டையை ராக்கியப்பன் வேலியில் போட்டுவிட்டுப் போனார்கள். அள்ள அள்ளக் குழம்பு மட்டும் குறையவில்லை. சளி பிடித்த பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி வாங்கிப்போனார்கள். தொண்டை கட்டிப்போயிருந்த மஞ்சள் மண்டி ஏலக்காரர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களும் விலை கேட்கும்படி கூவினார். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரிடம் வாயே திறக்காத ஒரு மருமகள், குழம்பு குடித்த மறுநாள் காலையில் திறந்தாள், அந்தத் தெருவே கையில் வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. கட்டுக்குக் கொடுத்த அனுமதி அன்றைக்கே முடிந்துவிட்டதே, சட்டிக்குள் நடப்பது என்ன கணக்கு என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர், மூடியைத் திறந்து பார்த்து, இரண்டு டம்ளர் குடித்து, ஒன்றும் எழுதாமல் போனார்.

கிழக்கத்திக்காரர்கள் மட்டும் டீக்கடையில் வம்பை ஆரம்பித்தார்கள். கூவுகிற சேவல் எந்த ஊரில் தோற்றிருக்கிறது என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறு, வெந்தால் தெரியும் என்றார்கள் மேற்கத்திக்காரர்கள். மயில்சாமியிடம் போனார்கள்; அவர் தாடையைத் தடவி, தின்னாத கோச்சை கோச்சை ஆகாது, ஆனால் வேகிற கோச்சையைத் தோற்கவில்லை என்றும் சொல்ல முறையில்லை, அடுப்பு எரிகிறவரை கட்டு நடப்பதாகத்தான் அர்த்தம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் பட்டம்? அவர் வானத்தைப் பார்த்தார்.

பாவாயிக்குத்தான் நெஞ்சு வெந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தல்காரருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தாகிவிட்டது, மோகனப்பிரியா பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு, "மாமா வருவாராம்மா?" என்று கேட்காமல் கேட்டுக்கொண்டு வளைய வந்தாள். சமையலறையில் வேறு எதுவும் செய்ய இடமில்லை, சோற்றை வெளியே கல்கூட்டி ஆக்கினாள். ராக்கியப்பன் அதையும் சரியாகத் தின்னவில்லை. சட்டி கூவும்போதெல்லாம் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அவன் தலை குனிந்தது. "அண்ணனைக் கூப்புட்டுத் தொலைங்களேன்" என்று அவள் கெஞ்சினால், "ஜெயிச்சவன் எப்பிடிப் போறது" என்று பல்போன ஓட்டையில் காற்று ஊதச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அப்புறம் பால் ஊற்றப்போன பெண்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். சட்டி கூவுகிற நேரத்துக்குப் பொங்கியண்ணன் வேலியோரம் வந்து மேற்கே பார்த்து நிற்கிறானாம், கை நிறைய ஊறவைத்த கம்பு வைத்துக்கொண்டு நிற்கிறானாம், கூவி முடித்ததும் கம்பை வேலிக்காலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறானாம். மாப்பிள்ளையைப் பழித்துக் காட்டுகிறான் என்று அவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை. கறுப்பனுக்குத் தீனி வைக்கிற நேரம் அது. சின்ன வயதிலிருந்தே அண்ணன் சேவலுக்குக் கம்பு கொடுக்காமல் தான் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்த்து எத்தனை வருசம் ஆயிற்று என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது, கோபம்தான் கொஞ்ச நேரத்தில் பெரிதாக நின்றது.

அவள் எழுந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

புஸ்ஸென்று கிளம்பிய புகையில் மோகனப்பிரியா, "அம்மா, முறை!" என்று அலறினாள். "முறைக்கு இவ்வளவு நாள் சோறு போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்து, சட்டியைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டு பாவாயி வாசலிறங்கி நடந்தாள். நெருப்பு அணைந்த பிறகும் சட்டி தலைமேல் கொதித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனாலும் உச்சி சுடவில்லை. களை வெட்டியவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள், டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வந்தார்கள், கொஞ்ச தூரத்தில் அவளுக்குப் பின்னால் ஊர்வலமே வந்தது. சேதி கேட்டு ராக்கியப்பன் தோட்டத்திலிருந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

நடு வழியில், உச்சிவெயிலில், இதுவரை விடியலுக்கு மட்டுமே கூவின சட்டி முதல்முறையாகப் பகலில் கூவியது. கிழக்கே தன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பொங்கியண்ணன் நிமிர்ந்தான். சத்தம் நிற்கிற இடத்தில் நிற்காமல் நகர்ந்து வருவது அவனுக்குக் கேட்டது. அப்படியே ஓடிப்போய் ஊறப்போட்டிருந்த கம்பில் ஒரு கை அள்ளிக்கொண்டு, வேலியைத் தாண்டி, மேற்கே பார்த்து ஓட ஆரம்பித்தான். யார் வீட்டுக்கு யார் போவது என்று இத்தனை வருசம் முறுக்கிக்கொண்டு கிடந்த இரண்டு பேரும் தென்னந்தோப்பில், கட்டு நடந்த அதே இடத்தில், மூச்சிரைக்க எதிரெதிரே வந்து நின்றார்கள். நடுவில் பாவாயி மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அடுப்ப அணைச்சுப் போட்டியா?" என்றான் ராக்கியப்பன். "ஜெயிச்சது ஜெயிச்சது இல்லாமப் போயிருமே பாவாயி!"

"போகட்டும். ஜெயிச்சு என்ன கண்டீங்க, ஒரு பல்லு போச்சு" என்றாள் அவள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீயி வேலிக்காலுக்குத் தீனி போட்டுக்கிட்டு நில்லு. ஏண்ணா, சேவலுக்குத் தோத்தா ஒரு முறை, ஜெயிச்சா ஒரு முறைன்னு உங்க ரெண்டு பேருக்கும் அத்தனையும் தெரியுது. கூடப்பொறந்தவளுக்கு என்ன முறைன்னு ஒருத்தருக்காச்சும் தெரியுதா? இவரு வந்து கூப்படோணும், அவரு வந்து நிக்கோணும்னு நடுவுல வெந்துக்கிட்டுக் கெடக்கறது இந்தச் சேவலா, நானா?"

சட்டி மறுபடி கூவியது, ராக்கியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அது தோக்கல" என்றான். "என்ற செவலைதான் மொதல்ல மூக்க ஊனுச்சு. மண்ணு பறந்துக்கிட்டிருந்துச்சு, யாரும் பாக்கறதுக்குள்ள நாந்தான் வாரித் தூக்கிக்கிட்டேன். மச்சான், உங்க கறுப்பன் கடைசி வரைக்கும் தலையத் தொங்கப்போடல."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. மயில்சாமி தலையில் கைவைத்தார். பொங்கியண்ணன் கோபத்தில் பாய்வான் என்று நாலு பேர் அவன் தோளைப் பிடிக்கப் போனார்கள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"தெரியும் மாப்ள. நான் பாத்தனே."

"பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் சொல்லாமப் போனீங்க?"

"சொன்னா நான் ஜெயிச்சிருப்பேன். ஜெயிச்சா நீங்க வந்து கூப்படோணும், நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ. தோத்துட்டா நானா வந்தர்லாமல்ல" என்றான் பொங்கியண்ணன். "என்ற புள்ள நெத்தியப் பாக்கோணும்னு இருந்துச்சு. இது வெந்து தொலைஞ்சா வந்தர்லாம்னு தெனமும் வேலியில நின்னு வேண்டிக்கிட்டேன், மாப்ள."

வேகட்டும், வாரேன் என்று அவன் சொன்னதை ஊரே சவால் என்று நினைத்திருந்தது. அது சவால் இல்லை, சொன்ன சொல் அவ்வளவுதான். தோற்றதாக ஒருவன் பொய்யை ஏற்றுக்கொண்டான், ஜெயித்ததாக ஒருவன் பொய்யைத் தூக்கிக்கொண்டு போனான், அந்தப் பொய்க்கு உடன்படாதது கறுப்பன் ஒன்றுதான். ஜெயித்த சேவல் எப்படி வேகும்?

"உன்ற சேவல்தான் ஜெயிச்சுது பொங்கியண்ணா" என்று மயில்சாமி கிழக்கே கை காட்டினார்.

கொதி அடங்கியது. மூடி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது, சட்டிக்குள்ளிருந்து கறுப்பன் விளிம்பில் கால் வைத்து ஏறி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் குழம்பைத் தெறித்துவிட்டுத் தரையில் குதித்தது. கறுப்பெல்லாம் போய், மஞ்சளில் ஊறி ஊறி, கொன்றைப் பூ நிறத்தில் இருந்தது. கொத்தமல்லி வாசம் தூக்கியது. ராக்கியப்பன் கடித்த தொடையில் லேசாக ஒரு நொண்டல். "பா... பா..." என்று பொங்கியண்ணன் கையை நீட்டினான், அது நொண்டி நொண்டிப் போய், இத்தனை நாள் பசிக்கும் சேர்த்துக் கம்பைக் கொத்தித் தின்றது. சட்டிக்குள் எட்டிப் பார்த்த மோகனப்பிரியா அப்பாவின் பல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ராக்கியப்பன் எழுந்தான். யாரோ மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்கள், யாரோ பாக்கு கொடுத்தார்கள், தட்டுக்குச் சட்டியின் மூடியைத் துடைத்து எடுத்துக்கொண்டான். மச்சானிடம் நீட்டப் போனபோது மயில்சாமி தொண்டையைக் கனைத்தார். அவர் வீட்டுக்கு நடந்துபோய் அழைக்க வேண்டும் என்பதல்லவா பேச்சு என்றார். நொச்சிவலசுக்காரர்களாயிற்றே, ஆமாம் ஆமாம் என்று ஊரே கிளம்பிக் கிழக்கே போய், பொங்கியண்ணனை அவன் வாசலில் நிறுத்தி, ராக்கியப்பன் மூடியை நீட்டி, "மச்சான், நம்ம புள்ளைக்குக் கல்யாணம், வந்து பட்டம் கட்டிக் குடுக்கோணும்" என்று காற்று ஊதச் சொன்னதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, எல்லோருமாக மேற்கே திரும்பி நடந்தார்கள். இப்போது முறைப்படி கோச்சையாகிவிட்ட செவலை மச்சானுக்குச் சேர வேண்டியது. அவனோ அதைத் தன் மருமகளுக்குச் சீராக அங்கேயே விட்டுவிட்டான். அன்றிலிருந்து செவலை ஒரு வேலையும் செய்யாமல் கொழுத்தது.

மாசியில் நடந்த கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், தாய்மாமன் பட்டம் கட்டியதையும், மஞ்சள் சேவல் சரியாகத் தாலி கட்டுகிற நேரத்துக்குக் கூவியதையும், எல்லாப் போட்டோவிலும் அது குறுக்கே நிற்பதையும் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பாவாயியைக் கேட்டால் சேவல் சட்டியிலிருந்து எழுந்த அன்றைய மத்தியானத்தைத்தான் சொல்வாள்.

வாசற்படியில் அண்ணன் வந்து நின்றான், கக்கத்தில் சேவல். உள்ளே வர ஒரு கால் எடுத்தவன் சேவலைக் குனிந்து பார்த்துத் தயங்கினான். ராக்கியப்பன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, "சேவலோட உள்ள வாங்க மச்சான்" என்றான். பாவாயி அணைந்த அடுப்பை மறுபடி பற்றவைத்து, அதே சட்டியைக் கழுவி, என்ன கழுவியும் மல்லி வாசம் போகாத அந்தச் சட்டியில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள், கொதிக்கிறதா கொதிக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள், பார்த்த போதெல்லாம் கண் கரித்தது, புகை என்று சொல்லிக்கொண்டாள். சோறு சொன்ன நேரத்துக்குப் பதமாக வெந்தது. அண்ணனுக்கு இலை போட்டு, சோற்றை வைத்து, நெய்யை ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அவன் ஒரு வாய் தின்றான், பக்கத்தில் நின்ற சேவலுக்கு இரண்டு பருக்கை போட்டான், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உப்புத் தூக்கலா இருக்குது, பாவாயி."

"இருக்குமண்ணா" என்றாள்.

அவன் இலையை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போடு" என்றான்.